யூனிஃபார்ம் வேண்டாம் என்றார்கள்

எழுதுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே யோசிப்பவள் இப்படி உட்கார்ந்து எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

டெக்சாஸில், இர்விங்கில், வயதானவர்கள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தில் எனக்கு வேலை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது, நடக்கக் கூட்டிப்போவது. நர்ஸ் இல்லை, நர்ஸுக்குக் கீழே உதவியாள். கணவருக்கு கிரீன் கார்டு வந்து, மகனும் ஹைஸ்கூல் போன பிறகு ஒரு சின்னப் பயிற்சி முடித்துச் சேர்ந்தேன். கருநீலச் சட்டையும் கருநீல பேன்ட்டுமாக இரண்டு செட் கொடுத்தார்கள்.

அந்த யூனிஃபார்ம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பொங்கல் விழா, பிறந்தநாள் என்று நம் ஆட்கள் கூடும் இடத்துக்குப் போவதென்றால் அலமாரி முன்னால் அரைமணி நேரம் நிற்பேன். எதை உடுத்தினாலும் ஒன்று அதிகமாகத் தெரியும், இல்லையென்றால் குறைச்சலாகத் தெரியும். யூனிஃபார்மில் அந்தத் தொல்லை கிடையாது. எல்லோரும் சட்டையைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டால் என் குரல்கூடக் கொஞ்சம் உரக்க வந்தது. என் அரைகுறை இங்கிலீஷில் டாக்டரிடமே போய், இவருக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த இல்லத்தில் ஒரே ஒரு தமிழ் ஆன்ட்டி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதைத் தாண்டியவர். அடுப்பை அணைக்க மறந்து, கதவைத் திறந்துபோட்டுத் தெருவில் நடந்து, இனித் தனியாக விட முடியாது என்று ஆன பிறகு மகள் கொண்டுவந்து சேர்த்தார். மகள் டாக்டர். ஆன்ட்டிக்கு முதலில் இங்கிலீஷ் மறந்தது. பிறகு ஆட்கள் மறந்தார்கள். தமிழ் மட்டும் நின்றது. அவருடைய தமிழ் எனக்கு முதல் மாதம் பாதிதான் புரிந்தது.

அவரைப் பொறுத்தவரை அது ஆஸ்பத்திரி. தனக்கு ஏதோ ஆபரேஷன் நடந்திருக்கிறது, காயம் ஆறியதும் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தார். தினமும் கேட்பார்.

“நேர்ஸ் பிள்ளை, எப்ப எனக்குத் துண்டு வெட்டுவினம்?”

டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்கிறார். மகள்தான் எனக்கு அர்த்தம் சொன்னார்.

“பெரிய டாக்டர் வரணும் ஆன்ட்டி. நாளைக்குப் பாக்கலாம்.”

“அந்த மனுசன் வாற ஆள் இல்லை. சம்பளம் எடுக்கிற நாளில மட்டும் வரும்.”

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பிறகு ஆஸ்பத்திரியில் இருப்பவர் எப்படி இருப்பாரோ அப்படி இருப்பார். குளி என்றால் குளிப்பார். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். ஐந்து வருடம் அப்படித்தான் போனது.

ஒருநாள் மேனேஜர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல பெண்மணி. இனி யூனிஃபார்ம் கிடையாது என்றார். இங்கே இருப்பவர்களுக்கு இது வீடு, வீட்டில் யாரும் யூனிஃபார்ம் போடுவதில்லை, நீங்கள் வீட்டில் உடுத்துவதையே உடுத்தி வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலம் கட்டில் முழுவதும் துணியைப் பரப்பிவைத்திருந்தேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

“யாருக்குக் கல்யாணம்?”

“விளையாடாதீங்க. வேலைக்கு எதைப் போட்டுட்டுப் போறதுன்னு தெரியல.”

“ஜீன்ஸ் போட்டுட்டுப் போ. அங்க உன்னைப் பாக்க ஆஸ்கார் கமிட்டியா வருது?”

மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “அம்மா, நோபடி கேர்ஸ்” என்றான்.

எனக்கு ஆன்ட்டி ஞாபகம் வந்தது. அங்கே வந்ததிலிருந்து அவர் யாரையும் சேலையில் பார்த்திருக்க மாட்டார். மகளும் பேன்ட் சட்டையில்தான் வருவார். கடுகு நிறத்தில் ஒரு காட்டன் சேலை இருந்தது. இழுத்துச் செருகிக்கொண்டால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. ஆன்ட்டி சந்தோஷப்படுவார் என்று நினைத்து அதையே இஸ்திரி போட்டேன்.

சந்தோஷப்படத்தான் செய்தார். மத்தியானச் சாப்பாட்டோடு போனதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வாரும் பிள்ளை, இரும்” என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது உம்மட வீடோ? வடிவாய் வச்சிருக்கிறீர்” என்றார்.

அந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் நம்மில் எல்லோரும் சொல்வதுதான், வாயில் தானாக வந்தது.

“ஆமா ஆன்ட்டி. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கிட்டு, கூச்சப்படாம சாப்பிடுங்க.”

சாப்பிட்டார். வந்த இடத்தில் சாப்பிடுவதுபோல, கொஞ்சமாக, மரியாதையாக. நாலு மணிக்கு நான் மறுபடி போனபோது சீப்பையும் துவாலையையும் ஒரு தலையணை உறையில் போட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இருட்டுப்பட முன்னம் வெளிக்கிட வேணும் பிள்ளை. வீட்டில தேடுவினம்.”

“சாப்பிட்டுப் போலாம் ஆன்ட்டி.”

“ஐயோ, கரைச்சல் படாதையும். நான் வீட்டை போய்ச் சாப்பிடுறன்.”

அன்று ராத்திரிச் சாப்பாடு அவர் வாயில் போகவில்லை. ஏழு மணிக்கு என் வேலை முடிந்து நான் கைப்பையை எடுத்தபோது அந்தத் தலையணை உறையோடு என் பின்னாலேயே வந்தார். வெளிக்கதவு எண் போட்டால்தான் திறக்கும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நான் காரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னை விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. காரை வாசலுக்குக் கொண்டுவருவேன் என்று நின்றார்.

மறுநாள் நான் சாதாரண டாப்ஸ் போட்டுப் போனேன். பிரயோஜனம் இல்லை. மற்றவர்களும் பூப்போட்ட சட்டை, கோடு போட்ட சட்டை என்று ஒவ்வொரு விதமாகத்தான் வந்தார்கள். ஆன்ட்டிக்கு எல்லோரும் வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். யார் தட்டை நீட்டினாலும் கைகூப்பி, இப்போதுதான் சாப்பிட்டேன் என்றார். பழரசம் மட்டும், வற்புறுத்தினால், இரண்டு வாய். மூன்று வாரத்தில் கை வளையல் முழங்கைப் பக்கம் ஏறிவிட்டது.

மேனேஜரிடம் போனேன். ஆன்ட்டிக்காக மட்டுமாவது நான் நீல உடையைப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்க வேண்டும். வழியெல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். முன்னால் போய் நின்றதும், என் சொந்தச் சட்டையில், எனக்குக் குரலே வரவில்லை. நீலம் போட்டால் நன்றாகச் சாப்பிடுவார் என்று மட்டும் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டு, பழகிவிடுவார், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார். சரி என்று திரும்பிவிட்டேன்.

பிறகு கேட்காமலே செய்தேன். பழைய செட்டைப் பையில் வைத்து எடுத்துப்போய், பாத்ரூமில் மாற்றிக்கொண்டு தட்டோடு ஆன்ட்டி முன்னால் நின்றேன். இட்லியும் கெட்டித் தயிரும் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். துண்டு எப்போது வெட்டுவார்கள் என்று கேட்கமாட்டாரா என்று காத்திருந்தேன்.

ஆன்ட்டி சட்டையை மட்டும் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்த்தார்.

“நீர் நேர்ஸ் வேலைக்கோ போறனீர்? எனக்குச் சொல்லேல்லையே. அப்ப நேரம் போகுது, வெளிக்கிடும். என்னையும் வழியில இறக்கிவிடும்.”

எழுந்து தலையணை உறையை எடுத்துக்கொண்டார். அவரை உட்காரவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. இட்லியைத் தொடவில்லை.

அந்த வாரக் கடைசியில் மகள் வந்தார். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு நடைபாதையில் என்னிடம் சொன்னார்.

“நாளைக்கு வேற இடத்துக்கு மாத்துறம். அங்க ட்யூப் வச்சுச் சாப்பாடு குடுக்கிற ஃபெசிலிட்டி இருக்கு. இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.”

நான் தலையாட்டினேன்.

“உங்களில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் எவ்வளவு செய்தனீங்கள். ஏன் திடீரெண்டு இப்பிடி ஆனவ எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.”

எனக்கு விளங்கியிருந்தது. சேலை கட்டிப்போனதையும், இது என் வீடு என்று சொன்னதையும் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் டாக்டரான அவர் அதிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்திருப்பாரோ என்னவோ. வாயைத் திறந்தேன்.

“ஆன்ட்டிக்குத் தயிர் கெட்டியா இருந்தா பிடிக்கும், டாக்டர்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பதினொரு மணிக்கு நான் வேலைக்குப் போனபோது அறை காலியாக இருந்தது. காலையிலேயே கூட்டிப்போய்விட்டார்களாம். மெத்தையைத் துடைத்துப் புது விரிப்புப் போட்டேன். மத்தியானம் அந்த அறைக்கு வேறொருவர் வந்தார். அவருக்கு சூப் கொடுத்தேன், குடித்தார்.