கைசர்ஷ்மார்னும் இரண்டு முள்ளுக்கரண்டிகளும்

எங்கள் வாமதேவன் அத்தானை யாராவது "பாவம், அப்பாவி மனுசன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவியாவது மண்ணாங்கட்டியாவது! பிடித்தால் குரங்குப்பிடி. அந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய என் அக்கா கலாவதிக்குத்தான் கோயில் கட்ட வேண்டும். ஆனால் போன மாசி மாதத்திலிருந்து அவரை ஏச எனக்கு வாய் வருவதில்லை. ஏசிப் பழகிய வாய்க்குச் சும்மா இருப்பது பெரிய கஷ்டமாக இருக்கிறது.

ஊரை விட்டு ஓடிய அத்தான் போய் இறங்கிய இடம் வியன்னா. அகதி முகாமிலிருந்து வெளியே வந்ததும் ஒரு பழைய சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. கழுவிக் கழுவியே அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தார். கன்றிறைச்சியைக் கடதாசி போல அடித்து, மா, முட்டை, ரஸ்க்தூள் என்று புரட்டிப் பொரிக்கிற ஷ்னிட்சல், பாண் ரொட்டியைப் பிசைந்து உருண்டை பிடித்து அவிக்கிற க்னோடல், மாட்டிறைச்சியை மெல்லிய தீயில் அவித்து மூக்கில் ஏறுகிற காரக் கிழங்குத் துருவலோடு வைக்கிற டாஃபெல்ஷ்பிட்ஸ், எல்லாம் அவர் கைக்கு வந்தன. மாட்டிறைச்சியை வாயில் வைக்காத சைவக்காரர் வேறு. உப்புப் பார்க்கப் பக்கத்தில் நிற்பவனிடம் கரண்டியை நீட்டுவாராம். அப்பிள் ஸ்ட்ரூடலுக்கு மாவை மேசை முழுக்க இழுத்து விரிக்கும்போது மட்டும் யாரையும் கிட்ட வர விடமாட்டாராம்.

தாரகா அங்கேதான் பிறந்தாள். ஒரே பிள்ளை. ஞாயிறு காலையில் அவளுக்குக் கைசர்ஷ்மார்ன் வேண்டும். அந்த நாட்டு அரசர் ஒருவருக்காகச் செய்யப்போய்ப் பிய்ந்துபோன அப்பமாம், அதனால்தான் அந்தப் பெயராம். அத்தான் சொல்வார், உண்மை பொய் எனக்குத் தெரியாது. மஞ்சள் கருவை மாவோடும் பாலோடும் கலந்து, வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துச் சேர்த்து, றம்மில் ஊறிய முந்திரிகை வற்றலை, அதுதான் காய்ந்த திராட்சையை, தூவி, பட்டரில் தடிப்பாகச் சுடுவார். அடிப்பக்கம் சிவந்ததும் புரட்டிவிட்டுக் கூப்பிடுவார். அவள் ஸ்டூலில் ஏறி நின்று இரண்டு முள்ளுக்கரண்டிகளால் அதைத் துண்டு துண்டாகப் பிய்ப்பாள். பிய்ப்பது அவளுடைய வேலை. வேறு யாரும் தொடக்கூடாது. மேலே சீனித்தூள், பக்கத்தில் அவித்த பிளம் பழம். நான் அங்கே போய் முதன்முதலாகப் பார்த்தபோது, "என்ன அத்தான், வியன்னாவிலயும் கொத்துரொட்டியோ?" என்று கேட்டேன். தகப்பனும் மகளும் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவளுக்குப் பத்து வயதானபோது, பிள்ளை இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு லண்டன் வந்தார்கள். அப்போது ஐரோப்பாவில் இருந்த எங்கள் சனம் பாதி அப்படித்தான் வந்தது. இல்ஃபோர்டில் ஷ்னிட்சல் அடிக்கத் தெரிந்தவனை யார் தேடினார்கள்? அத்தான் பக்கத்தில் பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு சாமான் கிட்டங்கியில் பெட்டி தூக்கப் போனார். முணுமுணுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வியன்னாவிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய இரும்புத் தாச்சி அடுப்பில் ஏறும். வளர்ந்து, படித்து, வேலையாகி, ஸ்ட்ரெதமில் தனி அறை எடுத்துப் போன பிறகும் அவள் ஞாயிறு காலை வந்து பிய்ப்பாள்.

போன தைப்பொங்கலுக்கு வந்தவள், வியன்னாவில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, சித்திரையில் போகப்போகிறேன் என்றாள். அவ்வளவுதான், அத்தானுக்கு ஏறிவிட்டது.

"உனக்காகத்தானே அந்த நாட்டை விட்டிட்டு வந்தனான்? இப்ப நீ அங்க போறியோ?"

"அப்பா, நான் அங்க பிறந்தனான்தானே."

அதற்குப் பிறகு அவர் அவளோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தாச்சியைக் கொண்டுபோய்த் தோட்டத்துக் கொட்டிலில் வைத்துவிட்டார். பார்த்தீர்களா குரங்குப்பிடியை!

மாசியில் ஒரு ஞாயிறு. அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். நானும் அத்தானும் காலையில் கடைக்குப் போனோம். இருபது கிலோ அரிசி மூட்டையை அவர் தோளில் போட்டுக்கொண்டு வந்து குசினியில் இறக்கினார். அக்கா திரும்பி வந்த கையோடு தாரகாவும் வந்தாள். முட்டை, பட்டர், பிளம் போத்தல் எல்லாம் அவளே வாங்கி வந்திருந்தாள்.

"அப்பா, ஷ்மார்ன் செய்து தாங்கோ. நான் பிய்க்கிறன்."

அத்தான் டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குக் கை நோகுது, பிள்ளை. வேலையில பாரம் தூக்கினது. ஏலாது."

கை நோவாம்! எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளைக்கு முன்னால் ஏன் சண்டை என்று விழுங்கிக்கொண்டேன். அவள் அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வாங்கி வந்ததை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனாள். அக்கா கேற்றடிவரை போய் வழியனுப்பினாள்.

அந்தப் புதன்கிழமை வேலையிடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாளாம். மூளையில் நரம்பு வெடித்ததாம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே போய்விட்டாள். இருபத்தாறு வயது. ஐயோ, அதை எழுத எனக்குக் கை ஓடவில்லை.

லண்டனில் ஆஸ்பத்திரி உடலைத் தந்து செத்தவீடு முடிய நாளாகும். அது முடிந்துதான் எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவை வைத்தோம். போனவருக்கு விருப்பமான சாப்பாட்டையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்போம். அந்த நேரத்தில் போனவர் வந்து சாப்பிடுவார் என்று நம்பிக்கை. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத மனிதர் அத்தான். தன் தகப்பனின் எட்டுச்செலவில், "செத்தவர் வந்து சோறு தின்னுவாரோ?" என்று கேட்டு எல்லாரிடமும் ஏச்சு வாங்கியவர்.

நாங்கள் ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், பிட்டு என்று சமைத்துக்கொண்டிருக்க, அத்தான் கொட்டிலிலிருந்து தாச்சியை எடுத்து வந்து கழுவினார். ஃப்ரிட்ஜிலிருந்து அவள் வைத்துவிட்டுப் போன முட்டையையும் பட்டரையும் எடுத்தார். முறை எல்லாம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஜம்புநாதன் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"தம்பி வாமதேவன், இந்த வெள்ளைக்காரற்ற சாமானைப் படையலில வைக்கிறதோ?"

"ஏன் அண்ணை, படத்தில இருக்கிற எங்கட பெட்டை உந்த முறையை எல்லாம் படிச்சிட்டோ போனவள்?" என்று நான் பாய்ந்தேன். மனிதர் அதற்குப் பிறகு குசினிப் பக்கம் வரவில்லை.

அப்பம் பொங்கி வந்தது. அத்தான் புரட்டினார். பொன்னிறம். அப்படியே முழுசாகத் தட்டில் எடுத்து, சீனித்தூளைத் தூவினார்.

"அத்தான், பிய்க்கேல்லையோ?"

"அது அவளின்ரை வேலை," என்றார். "ரஜனி, அவள் கோவத்தோட போனவள். கோவம் இல்லையெண்டால் வந்து பிய்ப்பாள்."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. தட்டைப் படத்துக்கு முன்னால் வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு முள்ளுக்கரண்டிகளை வைத்தார். பிறகு கதவைச் சாத்தினோம். வழிநடையிலும் படிக்கட்டிலும் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. அத்தான் கதவோடு காதை வைத்துக்கொண்டு நின்றார். கண்கெட்ட தெய்வமே, ஒரு துண்டு, ஒரேயொரு துண்டு பிய்ந்திருக்கட்டும் என்று நானும் வேண்டினேன். புத்தி பேதலித்தது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

கதவைத் திறந்ததும் அவர்தான் முதலில் உள்ளே போனார். தட்டைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்பம் முழுசாகவே இருந்தது.

"பிய்க்கேல்லை," என்றார். "அவள் வரேல்லை, கலா. என்னோட கோவம்தான்."

அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்த அக்கா போய்ப் பக்கத்தில் இருந்து, அவருடைய வலது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆர் சொன்னது கோவமெண்டு? அண்டைக்குக் கேற்றடியில நிண்டு என்ன சொல்லிப்போட்டுப் போனவள் தெரியுமோ? 'அப்பாவுக்குக் கை நோகுதாம், அம்மா. பாரம் தூக்க விடாதேங்கோ. எண்ணெய் போட்டு உருவி விடுங்கோ. வாற ஞாயிறு நானே செய்து, நானே பிய்ச்சு அப்பாவுக்குக் குடுக்கிறன்' எண்டு சொன்னவள். அவளுக்கு ஒரு கோவமும் இல்லையப்பா."

சொல்லிக்கொண்டே அக்கா அந்தக் கையை மெல்ல மெல்ல உருவிவிட்டாள். அன்றைக்கு அத்தான் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி வந்ததை அவள் பார்த்திருக்கவில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான். அத்தான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்காவின் பிடியிலிருந்து கையை இழுத்து எடுத்தார்.

"எனக்குக் கை நோகேல்லை, கலா," என்றார். "அண்டைக்கும் நோகேல்லை."