வளைந்த வரப்பு

மண், நீர் பாதுகாப்புப் பயிற்சி நடந்த மூன்று நாளும் தையல்காரி வாயைத் திறக்கவில்லை. சரிவு நிலத்தில் ஒரே மட்டமாக வரப்பு போட்டால் மழைநீர் ஓடிப்போகாமல் அங்கேயே இறங்கும் என்பதை மட்டும் கருத்தாகக் கேட்டுக்கொண்டாள். வீடு திரும்பியதும் தண்ணீர் நிரப்பிய டியூபின் இரு முனையிலும் நீர் நிற்கும் உயரத்தை வைத்து மட்டம் பார்த்து, முளை அடித்து, தன் மேட்டு நிலத்தில் வரப்பு போட்டாள். மட்டம் போன வழியே வரப்பும் வளைந்து வளைந்து போனது.

"தூக்கத்துல போட்டீங்களா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள்.

கணவனுக்கு மானம் போனது போலிருந்தது. அவள் கடையில் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பாதி வரப்பை வெட்டி நூல் பிடித்தாற்போல் நேராக்கிவிட்டான்.

"ஆபீசர் வந்து பாக்கறப்ப லட்சணமா இருக்க வேணாமா?" என்றான், அவள் திரும்பி வந்து கேட்டபோது.

மறுநாள் காலையிலேயே, பயிற்சி நடத்திய ஓவர்சியர் வரப்பை அளக்க வந்துவிட்டார். மட்டம் சரியாக இருந்தால்தான் மானியம். மானியம் வந்தால்தான் மேலே இன்னும் நான்கு வரப்பு போட முடியும். அவர் அளக்கத் தொடங்குவதற்குள் அவளே முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்தப் பாதி தப்பு. அழகுக்காக நேராக்கிட்டோம். ஒரு வாரம் குடுங்க, சரி பண்ணிடறோம்."

"உங்களுக்குப் பேச வரும்னே தெரியாதேம்மா," என்ற ஓவர்சியர் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்தார். "அடுத்த செவ்வாய்க்கிழமை வரேன்."

அவர் போனதும் கணவன் மண்வெட்டியோடு வந்தான்.

"எங்கெங்க வளையணும்னு சொல்லு."

அவள் டியூபின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள்.

"ஆட்டாம பிடிங்க. முதல்ல தண்ணி நிக்கட்டும்."