காட்டேரிக்குத் தொப்பை வைத்தவர்

"முந்நூறு வயசாச்சு, ஊரையே வாங்குற அளவுக்குச் சொத்து இருக்கு. அப்புறமும் எதுக்கு சார் அந்தக் காட்டேரி காலேஜுக்கு வரான்? அரியர் ஏதாவது பாக்கியா?"

கேட்டுக்கொண்டே என் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்குகிறார் கொசு அக்கா. நான் சிரித்து முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கிறது. குத்தியதே தெரியாது, அதனால்தான் அந்தப் பெயர். நான் மாதாமாதம் போகும் அந்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள், பக்கத்து மேசை காலியாக இருந்தாலும் நகர மாட்டார்கள். "கொசு அக்கா வரட்டும்" என்பார்கள்.

ரத்தக்காட்டேரிக் கதைகளை வாங்கிக் குவித்தது அக்காவின் மகள். வேலை கிடைத்து அவள் வெளியூர் போன பிறகு, அலமாரியைத் துடைக்கப் போன அக்கா ஒரு புத்தகத்தைப் பிரித்தார். துடைக்கிற துணி அன்று முழுக்க அங்கேயே கிடந்தது. அதற்குப்பின் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டே வாசிப்பார். "பழைய காட்டேரிக்கு நகம், நாத்தம், கோரப்பல். இப்ப வர்றவன் சென்ட் அடிச்சுக்கிட்டு, சட்டையில ரெண்டு பட்டனைக் கழட்டி விட்டுட்டு, 'நான் பாவி'ன்னு மழையில நிக்கிறான். அவனுக்கென்ன, சளியா பிடிக்கப் போகுது?" மனித ரத்தமே தொடமாட்டேன் என்று விரதம் இருக்கும் நல்ல காட்டேரிகளைக் கண்டால் தனி எரிச்சல். "ஹீமோகுளோபின் என்னத்துக்கு ஆகும்?"

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவார். மன்னிக்க முடியாதது ஒன்றுதான். "அத்தனை வருஷம் வாழ்ந்தவனுக்குப் பேச்சுத்துணைக்கு எப்பவும் பத்தொன்பது வயசுப் பொண்ணுதானா? எங்க வயசுல ஒருத்திகூடவா கண்ணுல படல?"

அந்த ஆத்திரத்தில்தான் எழுத ஆரம்பித்தார். கைபேசியில், ஒரு கதைச் செயலியில், கொசு அக்கா என்ற பெயரிலேயே, வாரம் ஓர் அத்தியாயம். நாயகி ஐம்பதை நெருங்கும் தையல்காரி. கண்ணாடியில் உருவம் தெரியாத காட்டேரி, சட்டை பொருந்துகிறதா என்று யாரைக் கேட்பான்? அவளிடம்தான் வருகிறான். அவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறாள்: "உங்களுக்குத் தொப்பை இருக்கு." யாரும் அவனிடம் சொல்லாதது அது. மறுவாரமும் வருகிறான்.

லிஃப்ட் மெக்கானிக்கான அக்காவின் கணவர் அத்தியாயம் தவறாமல் படித்தார். ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாராம்: "அந்த ஆளுக்கு என் தொப்பையை எதுக்குக் கொடுத்தே?"

"உங்களைத் தவிர வேற யாரை நான் இவ்வளவு கிட்டத்துல பாத்திருக்கேன்?" என்றாராம் அக்கா. மனிதர் இரண்டு நாள் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறார்.

கதை முடிவை நெருங்கியபோது ஒரு பதிப்பகம் கூப்பிட்டது. அக்கா இஸ்திரி போட்ட புடவையில் போனார். பதிப்பகத்துப் பெண் கதையை உண்மையிலேயே ரசித்திருந்தாள். சொல்ல வந்ததைச் சங்கடத்தோடுதான் சொன்னாள். "நாயகிக்கு இருபத்திரண்டு வயசு போதும் மேடம். தொப்பை வேணாம். கடைசியில அவளும் காட்டேரியாகி, ரெண்டு பேரும் என்னைக்கும் இளமையா இருக்கட்டும். அதைத்தான் வாங்குவாங்க."

"அப்போ என் தையல்காரி?"

"அவங்களைப் பொண்ணோட அம்மாவா வெச்சுக்கலாமே."

தன் பெயரை அச்சில் பார்க்க அக்காவுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். செயலியில் நான்கு வரி ஏறினாலும் என்னிடம் காட்டியவர். ஆனாலும் மறுநாள் தொலைபேசியில் முடியாது என்று சொல்லிவிட்டார். அன்று காலை முதல்முறையாக ஒருவருக்கு இரண்டு தடவை குத்தினார். அந்த ஒருவர் நான். "மன்னிச்சிடுங்க சார்" என்றவர் ஊசியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே கடைசி அத்தியாயத்தைச் செயலியில் ஏற்றினார். சாகாவரம் தருகிறேன் என்று காட்டேரி கையை நீட்டுகிறான். தையல்காரி மெஷினை நிறுத்தாமலே சொல்கிறாள்: "இப்பதான் எல்லாரையும் கரையேத்திட்டு உக்காந்திருக்கேன். மறுபடி முதல்லேருந்தா? வேணாம்பா. வேணும்னா நீ என்னோட வயசாகி வா." அவன் சாகாவரத்தை விட்டுவிட்டு வருகிறான். மாடிப்படி ஏறும்போது ஒருநாள் முழங்கால் சுருக்கென்று வலிக்கிறது. படியிலேயே உட்கார்ந்து, சந்தோஷத்தில் அழுகிறான்.

படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இரவுப் பணி நர்ஸ், கணக்கு டீச்சர், மூன்று பேரன்களை வளர்க்கும் பாட்டி என்று கருத்துகள் கொட்டின. "என் முழங்கால் வலிக்கு இப்படி ஒரு மரியாதையா!" என்று எழுதியிருந்தாள் ஒருத்தி. "இத்தனை நாள் எனக்கான காட்டேரி எங்கே போயிருந்தான்?" என்று இன்னொருத்தி. பல்லாயிரம் பேர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அதே பதிப்பகத்துப் பெண், இந்த முறை தானே பரிசோதனை நிலையத்துக்கு வந்து வரிசையில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் எழுந்து நின்றாள். "ஒரு எழுத்துகூட மாத்த மாட்டோம் மேடம்." வெறும் வயிற்றோடு இருந்த அத்தனை பேரும் கைதட்டினோம்.

வெளியீட்டு விழாவில் நாற்காலி போதவில்லை. ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றவர்களில் பாதிப்பேர் அலுவலகப் பையோடு நேராக வந்த பெண்கள். கணவர் வாசலிலேயே நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் "தொப்பை என்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பதிப்பின் பின்னட்டைக்காக அக்காவைப் படமெடுக்க ஓர் இளைஞன் வந்திருந்தான். கேமராவில் பார்த்துவிட்டு, "மேடம், முன்னாடி நரை தெரியுது. கொஞ்சம் உள்ள தள்ளிக்கோங்க. இல்லன்னா பரவாயில்ல, நானே கம்ப்யூட்டர்ல கறுப்பாக்கிடறேன்" என்றான்.

அக்கா கொண்டைக்குக் கையைக் கொண்டுபோனார். கிளிப்பைக் கழற்றினார். உள்ளே ஒதுங்கியிருந்த வெள்ளைக் கற்றையையும் விரலால் இழுத்து நெற்றியில் விட்டுக்கொண்டு, முகவாயை நிமிர்த்தினார்.

"இப்ப எடுப்பா."