அடி அண்ணாமலையில் மட்டும் சூடாகும் ஸ்டீரிங்

ஸ்டீரிங் பாக்ஸ் என்பது சூடாகும் பொருள் அல்ல. எஞ்சின் சூடாகும், பிரேக் சூடாகும், வண்டியின் சொந்தக்காரர் சூடாவார். சக்கரத்தைத் திருப்பிவிடும் அந்த இரும்புப் பெட்டி மட்டும், உள்ளே கொஞ்சம் கிரீஸை வைத்துக்கொண்டு, தன் பாட்டுக்குக் குளிர்ந்தே கிடக்கும். பேருந்துப் பணிமனையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை நான் எழுத்துமூலமாகவே தரத் தயார். ஆனால் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் சித்தப்பாவின் பிக்கப் வண்டியில் இருந்த ஸ்டீரிங் பாக்ஸ் தவறாமல் சூடானது. அதுவும் அடி அண்ணாமலையில், ஒரு குறிப்பிட்ட வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்தால்தான் சூடாகும்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மல்லிகையை ஏற்றி, திருவண்ணாமலைப் பூக்கடைகளில் இறக்குவது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். செங்கம் சாலையில் போய், ஆசிரமம் தாண்டி, வலப்பக்கம் திரும்பினால் மலைச் சாலை. அதன் பிறகு ஊர் வந்து சேரும்வரை மலை வலது கைப்பக்கமே இருக்கும். அந்தச் சாலையில் யாரும் மலையை இடதுபக்கம் வைத்துச் சுற்றமாட்டார்கள். பூ ஏற்றப் போகிற வண்டியும் அப்படித்தான்.

விடிந்தும் விடியாத அந்த வேளையில் மலைக்கு நிறமே இருக்காது. பிறகு மெல்லச் சாம்பலாகும், நீலமாகும், ஏதோ ஒரு வளைவில் சட்டென்று சிவக்கும். நான் பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டே வருவேன். நாங்கள் நகர்கிறோமா, மலைதான் எங்களுக்காக முதுகைத் திருப்பி, விலாவைக் காட்டி, மெதுவாகச் சுழல்கிறதா என்று தெரியாது. வண்டியும் தூக்கத்தில் நடப்பவரைப் போலத்தான் போகும். ஸ்டீரிங் அவ்வளவு தேய்ந்திருந்தது. அரைச் சுற்றுச் சுற்றினாலும் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேராது; சேரும்போது தேவைக்கு மேல் சேரும். நேரான சாலையிலும் சித்தப்பாவின் கைகள் தொட்டில் ஆட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். பவர் ஸ்டீரிங் என்ற பேச்சே அப்போது எங்கள் ஊரில் கிடையாது. பவர் முழுவதும் ஓட்டுகிறவரின் தோளில் இருந்தது.

அந்த வேப்பமரத்தடி வந்ததும் வண்டி நிற்கும். "சூடாயிடுச்சு பாப்பா, கொஞ்சம் ஆறட்டும்" என்பார் சித்தப்பா. வீட்டுக்குள்ளிருந்து ஓர் அக்கா குடத்தோடு வருவாள். வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். வலது முன்சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து, சரியாகப் பெட்டியின் மேலேயே தண்ணீரை ஊற்றுவாள். ஒரே குடத்தை ஊற்ற அவ்வளவு நேரமாகும் என்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் இருவரும் பெட்டியைப் பற்றியே பேசுவார்கள்.

"இன்னும் மாத்தலியா?"

"மாத்தணும். மாத்துனா இங்க நிக்கறதுக்கு இன்னா சாக்கு சொல்றது?"

அவள் சிரிப்பாள். பெட்டியைப் பற்றிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் அப்போது வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த வீட்டார் வேறு, நாம் வேறு என்று அப்பா சொன்னார். அவர்களுக்கும் எங்களைப்போல இரண்டு கை, இரண்டு கால்தானே இருக்கும், இதில் வேறு எங்கே வந்தது என்று எனக்குக் குழப்பம். எந்த வீடு என்று கேட்கவும் தோன்றவில்லை. "அந்த வீட்டுப் படிய நான் மிதிக்கமாட்டேன், அவ்வளவுதான்" என்று அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்த அப்பா, ஒருமுறை சொன்னதை மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. அவர் வராமல் கல்யாணம் செய்துகொள்ள சித்தப்பாவுக்கு மனமில்லை. அவரை வளர்த்ததே அப்பாதான்.

அப்பா போளூரில் ஒரு பெண் பார்த்துவைத்தார். மாப்பிள்ளையின் வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறதா என்று போளூர்க்காரர்கள் கேட்டார்கள். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று வருஷா வருஷம் வாங்கவேண்டிய சான்று அது. வேலூர் பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்டீரிங்கை ஒருதரம் ஆட்டினால் போதும், எஃப்.சி. கிடைக்காது. எஃப்.சி. இல்லையென்றால் போளூர் இல்லை. ஆகவே பாக்ஸை உடனே மாற்ற வேண்டும் என்று அப்பா உத்தரவிட்டார். தேய்ந்த ஒரு இரும்புப் பெட்டியில் தன் தம்பியின் எதிர்காலம் தொங்குவதாக அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஒருவகையில் அது சரிதான்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் மெக்கானிக் பாய். பூ மார்க்கெட் பின்பக்கம் ஷெட். மூன்று தலைமுறையாக ஊர்க்காரர், வாய் ஓயாதவர். அவரிடம் இரண்டு பாக்ஸ் இருந்தன. ஒன்று வேலூர் பழைய இரும்புக் கடையில் அப்பாவே கூடப் போய்ப் பார்த்து வாங்கிவந்தது. மெக்கானிக்குகள் பெட்டியை மாற்றிவிடுவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்த அப்பா, சிவப்புப் பெயின்ட்டால் அதன் மேல் தன் இனிஷியலைப் போட்டுவைத்தார். இன்னொன்று, ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பல நாடுகளைத் தாண்டி ஓட்டிவந்து, ஞானம் கிடைத்ததோ பெட்ரோல் தீர்ந்ததோ, அப்படியே விட்டுப்போன வண்டியிலிருந்து கழற்றியது. அதுவும் இதே கம்பெனி வண்டிதான். ஆனால் ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கும். அதன் பெட்டியை நம் ஊர் வண்டியில் மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் எல்லாம் தலைகீழாக வேலை செய்யும். வலப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் போகும்.

பாக்ஸ் மாற்றிய பிறகு ஜாக்கியை இறக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஸ்டீரிங்கை ஒரு பக்கம் திருப்பி, சக்கரமும் அதே பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். தொழிலுக்கு வந்த மறுநாளே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். யாரும் மறப்பதில்லை.

அந்த ஞாயிறு காலை வண்டி தயார் என்று பாய் சொல்லியனுப்பினார். பெரிய ரிப்பேர் முடிந்தால் முதல் ஓட்டம் மலையைச் சுற்றித்தான் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு அப்பா வராமல் இருக்கமாட்டார். நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். நடுவில் நான், இடது ஓரத்தில் குடையோடு அப்பா. வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரும்போது விளக்குக் கம்பத்தைப் பார்த்து ஆசையாக நெருங்கியது. "மெதுவா தம்பி! புது பாக்ஸ், கை பழகணும்!" என்று பாய் கத்தினார்.

சித்தப்பா நடக்கிற வேகத்தில் ஓட்டினார். வழியில் சின்னச் சின்ன லிங்கக் கோயில்கள். ஒவ்வொன்று வரும்போதும் அப்பா மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக் கையெடுப்பார். ஒரு கும்பிடு முடிந்து கண் திறப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் அவர் கவனிக்காததை நான் கவனித்தேன்.

"சித்தப்பா, நீங்க லெஃப்ட்ல திருப்பறீங்க, வண்டி ரைட்ல போவுது!"

"புது பாக்ஸ் பாப்பா. அப்டித்தான்" என்றார். நெற்றியில் வேர்வை.

எனக்கு அது இயல்பாகவே பட்டது. கனவில் எல்லாம் அப்படித்தானே நடக்கும். மலையில் மேகம் பாதிவரை இறங்கியிருந்தது. சித்தப்பா இந்தப் பக்கம் கை வீச, உலகம் அந்தப் பக்கம் நகர்ந்தது. சட்டப்படி தெருவிலேயே இறங்கக் கூடாத அந்த வண்டி அன்றைக்கு நீரில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. அத்தனை வளைவுகளையும் சித்தப்பா பிசகாமல் திருப்பினார். ஒரே ஒரு வளைவைத் தவிர.

அடி அண்ணாமலை வளைவில் சாலை வலப்பக்கம் ஒடியும். சித்தப்பாவும் வலப்பக்கமே ஒடித்தார். வண்டி நிதானமாக இடப்பக்கம் திரும்பி, வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு, வேப்பமரத்தைச் சுற்றி, வைக்கோல் போருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அப்பா கும்பிட்ட கையோடு இருந்தார்.

அக்கா குடத்தோடு ஓடிவந்தாள். யார் என்ன என்று பார்க்கவில்லை. நேராக வலது முன்சக்கரத்துக்குக் குனிந்து, வழக்கமான இடத்தில் வழக்கம்போல ஊற்றினாள்.

"இன்னா, இன்னிக்கி ரொம்ப ஜாஸ்தியா சூடாயிடுச்சா?" என்றாள்.

நிமிர்ந்தபோதுதான் அந்தப் பக்கத்தில் அப்பாவின் தலை தெரிந்தது. குடம் அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"இந்த அக்காதாம்பா எப்பவும் தண்ணி ஊத்தும்" என்று நான் அறிமுகம் செய்துவைத்தேன். யாராவது செய்யவேண்டும் அல்லவா.

அப்பா அவளைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அக்காவின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க. வண்டி எப்பவும் அங்க வெளியில நிக்கும். இன்னிக்கி உள்ளயே வந்துட்டுது."

"போர் கலைஞ்சிடுச்சே" என்றார் அப்பா.

"மாடு திங்கறதுக்குக் கலைச்சுத்தானே ஆவணும். உள்ள வாங்க."

அப்பா வரவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவர சைக்கிளில் ஓர் ஆளை அனுப்பிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வண்டியோரமே நின்றார். வெயில் ஏறியது. வேப்பமரத்தடிக்குக் கயிற்றுக் கட்டில் வந்தது. கட்டில் வாசலில்தான் இருக்கிறது, படி வேறு, வாசல் வேறு என்று அப்பா மனசுக்குள் ஃபைலைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும், உட்கார்ந்தார். மோர் வந்தது. அதற்கும் விதியில் தடை இல்லை போலும், குடித்தார். அக்காவிடம் எங்கே படித்தாய் என்று கேட்டார். பிறகு ஒரு கணக்குக் கேட்டார். அவள் சொன்ன விடை சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. படி மட்டும் ஏறவில்லை. சித்தப்பா வண்டி முகப்பில் சிக்கியதை எடுப்பதுபோல அதே கைப்பிடி வைக்கோலைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கூப்பிடப் போன ஆள் டவுனை எட்டியிருக்கவே முடியாது. அதற்குள் பாயோடு திரும்பிவிட்டான். பாதி வழியிலேயே எதிரே வந்தாராம்.

"எங்க பாய் இந்தப் பக்கம்?" என்றார் அப்பா.

"சும்மா சார், காத்து வாங்கலாம்னு."

காற்று வாங்க வந்தவரின் சைக்கிள் கேரியரில் கனமான சாக்குமூட்டை ஒன்று கட்டியிருந்தது. அவர் அதை இறக்கியபோது வாய் அவிழ்ந்துகொண்டது. உள்ளே ஒரு ஸ்டீரிங் பாக்ஸ். அதன் மேல் சிவப்புப் பெயின்ட்டில் அப்பாவின் இனிஷியல்.

அப்பா அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார். தன் கையெழுத்துத்தானா என்று சரிபார்ப்பதுபோல இருந்தது. பிறகு பாயைப் பார்த்தார். பாய் மலையைப் பார்த்தார். வேப்பமரத்தில் காற்று உண்மையாகவே வந்தது. பழுத்த இலைகள் எல்லார் தலையிலும் உதிர்ந்தன.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் அப்பா.

"சாயந்தரம் ஆயிடும் சார்."

"ஆவட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல."

குடையை மடக்கினார். மரத்தடியில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாக நேராக வைத்தார். பிறகு அந்த வீட்டுப் படியேறி உள்ளே போனார். அக்காவின் அப்பா பின்னாலேயே ஓடினார். வைக்கோலைக் கையில் பிடித்தபடி சித்தப்பா ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. தூசு விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

அந்த அக்கா பிறகு எனக்குச் சித்தியானாள். போளூர் என்ற பேச்சு வீட்டில் அதோடு எழவில்லை. ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. நான் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, பாய் படுத்துக்கொண்டு நட்டு கழற்றுவதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கோளாறு என்று யாரும் சொல்லவில்லை, வண்டியையும் அவர் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் சரியான பாக்ஸை ஷெட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டாரே, இவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக் உலகத்தில் வேறு யார் இருக்கமுடியும் என்று நினைத்துக்கொண்டேன்.