மொட்டை மாடி வால்வு

மகளோடு நான் இருக்கும் மராத்தி ஊர் கட்கியில் எங்கள் சமையலறைக் குழாய் பத்து நாளாகச் சொட்டியது. மகள் புதுக் குழாய் வாங்கி வைத்தும், பிளம்பர் நாளை நாளை என்று தள்ளினார். திருகினால் தண்ணீர் எப்படி நிற்கிறது என்பது, ஐந்தாவதோடு படிப்பு நின்ற எனக்கு நெடுநாள் சந்தேகம். சிரிப்பார்கள் என்று யாரிடமும் கேட்டதில்லை.

மகள் ஆபீஸ் போனதும், மொட்டை மாடியில் தொட்டிக்குக் கீழே இருந்த பெரிய வால்வை மூடிவிட்டு, குழாயைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே தேய்ந்துபோன சின்ன ரப்பர் வட்டு. இத்துனூண்டா இவ்வளவு தண்ணீரையும் பிடித்து வைத்திருந்தது! திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு மராத்திப் பெண், தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றாள். ஆறு வருஷமாக அவளிடம் ஒரு சிரிப்போடு சரி.

"ஆஜி, பானி ஹை க்யா?" பாட்டி, தண்ணீர் வருகிறதா என்று கேட்டாள்.

கட்டிடம் முழுவதற்குமான வால்வை மூடிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த குழாயைக் காட்டினேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அரே வா, பிளம்பர் ஆஜி!" என்று சிரித்தபடி உள்ளே வந்தாள். புதுக் குழாயின் மரையில் நீர் கசியாதபடி வெள்ளை டேப் சுற்றிக் கொடுத்து, நான் மாட்டி முடிக்கும்வரை நுரையோடு நின்றாள்.

அடுத்த வாரம் அவள் வீட்டுக் குழாயும் சொட்டியது, என்னைத்தான் கூப்பிட்டாள். மாடியில் வீட்டுக்கு ஒன்றாக வரிசையாக வால்வுகள். தொடுவதற்கு முன், அவளுடையது எது என்று வாய்விட்டுக் கேட்டேன்.