அப்பாவின் வண்டி வரும் ஊர்

வீட்டில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பட்டப்பெயர். அம்மா வைத்தது. பொருத்தமாகத்தான் வைத்திருந்தாள். லிப்டில் தனியாக ஏற மாட்டாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அது அடித்து ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வழி தெரியாத தெருவில் யாரையும் விசாரிக்காமல் அரை மணி நேரம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்வாள். அப்படிப்பட்டவள் எப்படியோ நாலு வருடம் கல்லூரிக்குப் போய்க் கண் பரிசோதனை படித்து முடித்துவிட்டாள். டாக்டர் படிப்பு இல்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று நச்சரிப்பார்களே, அவர்களில் ஒருத்தி.

சொந்த ஊரில் அந்த வேலைக்கு இடமில்லை. மூன்று ஊர்களிலிருந்து மூன்று ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டிருந்தன. எதற்குப் போவது என்று ஒரு வாரத்தில் சொல்லியாக வேண்டும்.

அப்பாவிடம் கேட்டாள். அப்பா முப்பது வருடமாகப் பேருந்து ஓட்டுபவர். பார்க்காத ஊர் இல்லை என்று அவருக்கு நினைப்பு. ஆனால் அவர் பார்த்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டைத்தான்.

“மொத ஊரா? வேண்டாம்மா. வண்டிய ரிவர்ஸ் எடுக்கக்கூட எடம் கெடையாது. ரெண்டாவது ஊரு மூக்கப் புடிச்சிக்கிட்டுத்தான் எறங்கணும். மூணாவது நம்ம ரூட்டு. நல்ல ஊரு. நெழல் இருக்கு, கொழாயில தண்ணி வரும்.”

அவள் மூன்றாவது ஊரையே எடுத்தாள். கூடப் படித்தவர்களிடம், அங்கே கருவிகள் எல்லாம் புதுசு என்று சொல்லிக்கொண்டாள். நிஜமான காரணம் அதுவல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு அப்பாவின் வண்டி அங்கே ஏழாவது நடைமேடையில் வந்து நிற்கும். மூன்றரைக்குத்தான் திரும்பும். எவ்வளவு பெரிய ஊராக இருந்தால் என்ன, அந்த நாலரை மணி நேரம் அப்பா அங்கே இருப்பார். அதை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள், இரண்டு பைகளோடு அப்பாவின் வண்டியிலேயே கிளம்பினாள். அப்பாவுக்குப் பின்னால் முதல் இருக்கை. வழியெல்லாம் பைகளின் வாரைப் பிடித்த பிடியை விடவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் மாமா என்று கூப்பிடும் கண்டக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

“உங்கப்பாவப் பாரு பாப்பா. கோழி மாதிரி தலையத் திருப்பித் திருப்பிப் பாத்து ஓட்டுறாரு. ரெண்டு வருஷமா இப்படித்தான். டிப்போவுல இவரு மாதிரி ஜாக்கிரதையான ஆள் கெடையாது.”

அப்பா சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

இறங்கியதும் அறை பார்க்கக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்ட் வாசல்வரை அப்பா ராஜா மாதிரி நடந்தார். டீக்கடைக்காரர் வணக்கம் வைத்தார், துப்புரவுக்காரம்மா நலம் விசாரித்தாள். வாசலைத் தாண்டியதும் அவர் நடை தளர்ந்தது. பதினாறு வருடமாக இந்த ஊருக்கு வருகிறவர் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பிடுவது, படுப்பது எல்லாம் உள்ளேயே ஓட்டுநர் ஓய்வறையில். சரிதான், நம்மைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி என்று எண்ணிக்கொண்டாள். யாரை நம்பி இந்த ஊருக்கு வந்தாளோ, அவருக்கே ஊர் தெரியவில்லை.

நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கடைப் பலகையில் அப்பா தோளை இடித்துக்கொண்டார். இன்னொரு கடை வாசலில் வாளியை உதைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார். தெருவைக் கடக்கையில் பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சீறி வந்தது. அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அது அவர் மேலேயே ஏறியிருக்கும்.

“வந்தது தெரியலையாப்பா?”

“புது ரோடும்மா. பழகல.”

அறை மூன்றாவது மாடியில் இருந்தது. இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி, பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்த ஜன்னல். வீட்டுக்காரம்மா கீழே தையல் கடை வைத்திருந்தாள். சாவி எடுத்து வருகிறேன் என்று இறங்கிப் போனாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். அவள் நாற்காலியை இழுத்து எதிரே போட்டாள்.

“நாளைக்கு வேலைல நடுங்காம இருக்கணும்ப்பா. உங்கள வெச்சுப் பழகிக்கிறேன். ஒரு கண்ண மூடிக்கிட்டு என் மூக்கையே பாருங்க. பக்கத்துல விரல் ஆடுறது தெரிஞ்சதும் சொல்லுங்க.”

பழகுவதாகச் சொன்னது பாதிதான் உண்மை. அந்த மோட்டார் சைக்கிள் அவள் மனதை விட்டுப் போகவில்லை.

“சரி, டாக்டரம்மா,” என்று அப்பா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டார்.

அவள் கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டியபடி மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். அவள் கண்ணுக்கு விரல் உடனே தெரிந்தது. அப்பா பேசவில்லை. விரல் பாதி தூரம் வந்துவிட்டது. அப்போதும் பேசவில்லை. கை அவள் கன்னத்தருகே வந்தபோது அப்பா கேட்டார்:

“ஆரம்பிச்சிட்டியாம்மா?”

மறுகண்ணைப் பார்த்தாள். அது இன்னும் மோசம். மேலே, கீழே, மறுபடி பக்கத்தில் என்று பார்த்துக்கொண்டே போனாள், எங்காவது தப்பாகப் பார்த்திருக்க மாட்டோமா என்று. தப்பில்லை. நடுவில் மட்டும் ஒரு குழாய் அளவுக்குப் பார்வை மிச்சமிருந்தது.

“அப்பா, ஓரம் உங்களுக்குத் தெரியல.”

“போம்மா. வருஷா வருஷம் கண்ணு பாக்குறாங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கிறேன்.”

“எழுத்து நேரா இருக்குப்பா. நேரா இருக்கறது தெரியும். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறினா ஓரத்துலேர்ந்துதான் போகும்.”

“போனது திரும்புமா?”

“திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “கொஞ்ச நாளா ஏதோ சரியில்லன்னு தெரியும்மா. காட்டினா வண்டியிலேர்ந்து எறக்கிடுவாங்க. அப்புறம் நான் எப்படி இங்க வர்றது? நீ தனியா கெடந்து பயப்படுவியே.”

அவள் முதலில் நினைத்தது தன்னைப் பற்றித்தான். அதை மறைத்துப் பயனில்லை. இதை வெளியே சொன்னால் இனி ஏழாவது நடைமேடையில் அப்பா இறங்க மாட்டார். பிறகு இந்த ஊரில் அவளுக்கு யார்? சொல்லாமல் விட்டால் என்ன, ரெண்டு வருடம் ஓட்டியவர் இன்னும் ரெண்டு மாதம் ஓட்டமாட்டாரா என்றுகூட மனம் நைசாகக் கேட்டது. மூன்றரை வண்டியில் ஐம்பது பேர் ஏறுவார்கள். அப்பாவை இடிக்க வந்த மாதிரி வழியில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள்!

“இன்னைக்கு நீங்க ஓட்டக் கூடாதுப்பா.”

“இன்னைக்கு ஒரு நாள். ஊருக்குப் போயிட்டு நானே சொல்லிடறேன்.”

“கூடாதுப்பா.”

அவர் எழுந்து படியிறங்கினார். கீழே சாவியை வாங்கிக்கொண்டு அவளும் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். முதல் தடவையாக அவள் முன்னால் நடந்தாள். இரண்டு இடத்தில் வழி தெரியாமல் முன்பின் தெரியாதவர்களைக் கேட்டாள். கேட்டோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில், வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிக்கிறவரின் அறைக்குள் போனாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “சார், ஏழாவது நடைமேடை வண்டி டிரைவர் எங்கப்பா. அவருக்குப் பக்கத்துல வர்றது தெரியல. வேற ஆளப் போடுங்க.”

அவர் சிரித்துவிட்டார். “யாரு, அவரா? தலையத் திருப்பித் திருப்பிப் பாத்து ஓட்டுற மனுஷனம்மா அவரு.”

“தெரியாததுனாலதான் சார் திருப்புறாரு.”

சிரிப்பு நின்றது. “என்னண்ணே இது?” என்று அவள் தோளுக்கு மேலே பார்த்துக் கேட்டார். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளியின் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? அப்பா உள்ளே வந்து அன்றைய ஓட்டத்தின் டிரிப் ஷீட்டை மேஜைமேல் வைத்தார். தன் கையாலேயே வைத்தார்.

ஓய்வறையிலிருந்த வேறொரு ஓட்டுநரை எழுப்பினார்கள். அப்பா பயணியாக ஏறி, காலையில் அவள் உட்கார்ந்து வந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தார்.

“நீயும் ஏறிக்க பாப்பா,” என்றார் கண்டக்டர் மாமா. “வீட்டுக்குப் போயிட்டு, பொறவு யோசிக்கலாம்.”

ஏறிவிடத்தான் உடம்பெல்லாம் துடித்தது. “வேண்டாம் மாமா. வர்ற வாரம் அப்பாவ இங்க கூட்டிட்டு வாங்க. எங்க ஆஸ்பத்திரியில காட்டணும். நான் உள்ள இருந்தாத்தான் நடக்கும்.” எங்க ஆஸ்பத்திரி என்கிறாள், அதன் வாசலைக்கூட இன்னும் பார்க்காதவள்.

ஜன்னலோரமாகப் போய் நின்றாள். “அப்பா” என்றாள். எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது. அப்பா நேரே பார்த்தபடி இருந்தார். கோபத்தில் திரும்பவில்லையா, அவள் நிற்பதே தெரியவில்லையா? அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு ஓடி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். புது ஓட்டுநர் ஆரன் அடித்தார். கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் முகம் மாறியது. பார்த்துவிட்டார்.

அவர் பதறிப்போய் எழுந்து கையை வீசினார். குரல் கேட்கவில்லை. ஆனால் வண்டிக்கு முன்னால் நிற்கும் யாரிடமும் எந்த ஓட்டுநரும் சொல்வதைத்தான் சொன்னார்: “ஓரமா நில்லும்மா, ஓரமா!”

அப்பா சொன்னபடி அவள் ஓரமாகப் போய் நின்றாள்.