சிவராஜின் திறந்த களஞ்சியம்

உடுமலைப்பேட்டைக்கும் மடத்துக்குளத்துக்கும் நடுவில், தென்னந்தோப்பு ஒன்றை வெட்டிச் சாய்த்துக் கட்டிய பல்கலைக்கழகத்தில் சிவராஜ் துணை நூலகர். சொந்த ஊர் கொமரலிங்கம். தோப்புக்காரர் வீட்டில் பிறந்து, தோப்பு இருந்த இடத்தில் சம்பளம் வாங்குவது அவருக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை. “தேங்கா விலைக்கு இது தேவலைங்க” என்பார்.

2007-இல் அவருக்கு ஒரு லட்சியம் பிடித்தது, சிலருக்குச் சர்க்கரை பிடிப்பதுபோல. சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர், அலமாரிகளில் தூங்கும் ஆய்வேடுகளையெல்லாம் இணையத்தில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிட வேண்டும் என்றார். செலவு அதிகமில்லை என்று தெரிந்ததும் பல்கலைக்கழகத்துக்கும் அறிவு பரவ வேண்டும் என்ற தாகம் வந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். துணைவேந்தர் ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அது எதோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. திரைக்குப் பின்னால் குனிந்து நின்று களஞ்சியத்தைத் திறந்தவர் சிவராஜ்.

அதைத் தாங்கிய கணினி அவருடைய மேசைக்கு அடியில், சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது. உலகம் முழுவதற்கும் எந்நேரமும் திறந்த களஞ்சியம், மின்வெட்டு நேரம் போக.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வேலையில்லாமல் திரும்பியிருந்த நான், அந்த நூலகத்தில்தான் பகலைக் கழித்தேன். வெளிநாட்டு நூலகங்களில் குளிருக்கு ஒதுங்கியிருக்கிறேன். வெயிலுக்கு ஒதுங்கிய முதல் நூலகம் இது. அதனால் சிவராஜின் உழைப்பை நேரில் பார்க்கக் கிடைத்தது. அவரே ஆய்வேடுகளை ஸ்கேன் செய்வார். அவரே ஏற்றுவார். கல்யாணப் பத்திரிகையில் ஒரு சொந்தமும் விட்டுப்போகக் கூடாது என்று பார்ப்பதுபோல, கண்ணில் பட்ட ஊர், ஆள், கம்பெனிப் பெயர்களையெல்லாம் தேடுசொற்களாக அடிப்பார். “யாரு எதத் தேடிட்டு வந்தாலும் நம்ம வாசல்ல வந்து நிக்கோணும் பாருங்க.”

வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. “ஏனுங்க, இன்னைக்காச்சும் உங்க கடையில போணி ஆச்சுங்களா?” என்று அவர் மனைவி விஜயகுமாரி போனில் கேட்பது எனக்கே காதில் விழும்.

போணி ஒரு புதன்கிழமை வந்தது. திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்த கருத்தம்மாவை, அடையாள அட்டை இல்லை என்று வாட்ச்மேன் வெள்ளையன் கேட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார். உலகத்துக்கே திறந்த களஞ்சியம் அல்லவா, கேட்டைத் தாண்டினால்தானே. சிவராஜ் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தார்.

“உக்காருங்கம்மா. நம்ம களஞ்சியத்தப் படிச்சுட்டு வந்தீங்களா?”

“நான் எங்கய்யா படிக்க? எங்க ஆபீஸ்ல சித்ரகலான்னு ஒரு பிள்ளை படிச்சிருச்சு. அதான் ஓடியாந்தேன்.”

கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறார். நாலு வருஷம் முன்னால் மாதவன் என்ற ஆய்வு மாணவர், அவர் குடியிருந்த லைன் வீட்டுக்கு வந்து பேட்டி எடுத்திருக்கிறார்.

“தங்கமான பிள்ளைய்யா. பேரு வெளிய வராதுக்கான்னு சத்தியம் பண்ணுச்சு. நானும் உள்ள நடக்கிறத ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். சரக்கு வாங்குற வெளிநாட்டு பையரு வாராகன்னா அன்னைக்கு மட்டும் கம்பெனி எப்படி வேசம் கட்டும்னு, அம்புட்டையும். இப்ப வெள்ளிக்கிழமை பையரு வாராக. அவுக கண்ணுல என்ன படும்னு கம்ப்யூட்டர்ல கம்பெனிப் பேரைத் தட்டிப் பாத்திருக்கு சித்ரகலா. எம் மூஞ்சி வந்து நிக்கிதாம்! நல்ல பிள்ளை, மேனேஜர்ட்டச் சொல்லாம எங்கிட்டச் சொல்லுச்சு. அவரு பாத்தார்னா என் சீட்டைக் கிழிச்சிருவாருய்யா. எனக்கு வேற எந்தக் கம்பெனியிலயும் வேலை கிடைக்காது.”

சிவராஜ் ஆய்வேட்டைத் திறந்தார். மாதவன் சத்தியம் தவறாதவர். கம்பெனி ‘நிறுவனம் ஆ’ என்றே இருந்தது. கருத்தம்மா ‘தகவலாளர் எண் ஏழு’. ஒருவர் பெயரும் கசியவில்லை. கடைசியில், பின்னிணைப்பில், முழு வண்ணத்தில் ஒரு குரூப் போட்டோ இருந்தது.

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமும் குரூப் போட்டோ இல்லாமல் முடிவதில்லை. முதலாளி ஊரில் இல்லாத ஓர் ஆயுத பூஜை அன்று, பேட்டி கொடுத்த பத்துப் பெண்களும் பட்டுச்சேலையில், கம்பெனிப் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்றிருந்தார்கள். நட்டநடுவில் மாதவனின் வழிகாட்டி டாக்டர் அருள்குமார், தோளில் பொன்னாடை, கையில் பொரித் தட்டு. படத்துக்குக் கீழே, பத்திரிகைகளில் போடுவதுபோல, முறையாக எழுதியிருந்தது: ‘தகவலாளர்கள், இடமிருந்து வலமாக, எண் ஒன்று முதல் பத்து வரை.’

பலகையிலிருந்த பெயரைப் படித்துத் தேடுசொல்லாக அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை. சிவராஜின் காது சிவந்திருந்தது.

படத்தை எடுக்க மாதவனைப் பிடித்துச் சம்மதம் எழுதி வாங்கலாமென்றால், அவர் இப்போது ஏதோ ஒரு பனியன் கம்பெனிக்கே தொழிலாளர் நல ஆலோசகர். போனை எடுக்கவில்லை. ஒருமுறை ஏற்றியதைக் களஞ்சியக் குழுவின் அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவர் சிவராஜ். குழுவின் தலைவர் அருள்குமார். சிவராஜ் துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார்.

“படத்த எடுக்கறதா? அதுல நான் இருக்கேனில்ல?” என்றார் அருள்குமார்.

“அதுக்குத்தானுங்க சார் உங்ககிட்ட வந்தேன்.”

“பேரையா போட்டிருக்கோம்? நம்பர்தானே?”

“வரிசையா நிக்க வெச்சு நம்பர் போட்டிருக்குதுங்க சார். அந்தம்மாவுக்கு வேலை போயிருமுங்க.”

“ஆராய்ச்சியில உணர்ச்சிக்கு எடமில்லீங்க, சிவராஜ். களஞ்சியத்துல கைவெக்கக் கூடாதுன்னு மீட்டிங்ல தொண்டை கிழியப் பேசுனது நீங்கதான். போன மாசம் ஜெர்மனியில இருந்து வந்த புரொபசருக்கு அந்தப் படத்தத்தான் காட்டுனேன். தொழிலாளர்களோட நான் கலந்து பழகறதுக்கு அது ஒண்ணுதான் ஆதாரம்.”

அதில் பொய்யில்லை. வேறு ஆதாரம் கிடையாது.

வாழ்நாளில் யாரையும் ஏமாற்றியிராத மனிதர் முதல்முறை முயலும்போது முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். வயிற்று வலிக்காரர் போல இருந்தது.

“ஆமாங்க சார். ஆனா ஒரு கொறைங்க. அத்தன கூட்டத்துக்கு நடுவுல உங்க மொகம் கடுகாட்டத் தெரியுதுங்க. ஜெர்மனிக்காரரு எப்படிக் கண்டுபுடிச்சாரோ.”

அருள்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியா தெரியுது?”

“பெருசு பண்ணிரலாமுங்க. சுத்தியிருக்கறதக் கொஞ்சம் கொறச்சாப் போதுமுங்க.”

“பொன்னாடை முழுசாத் தெரியணும்.”

“ஜரிகை வரைக்கும் தெரியுமுங்க சார்.”

குழு அனுமதி கையெழுத்தாகி வெளியே வர, ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. படத்திலிருந்து பெண்கள் பத்துப் பேரும் போனார்கள். பெயர்ப் பலகை போனது. கம்பெனியின் பெயரைத் தேடுசொற்களிலிருந்து சிவராஜ் ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தார். பின்னிணைப்பின் முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டு அருள்குமார் மட்டும் பொரித் தட்டோடு நின்றார். எந்த ஆராய்ச்சிக்கு அது ஆதாரம் என்று கேட்கக் கூடாது. அச்சிட்ட பிரதியில் பழைய படம் அப்படியே இருக்கிறது. அது நூலக அலமாரியில் இருக்கிறது, அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

திரையைப் பார்த்த கருத்தம்மா பெருமூச்சு விட்டார். பிறகு கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார்: “எம் பட்டுச்சேலையும் போச்சாய்யா?” சிவராஜ் பழைய படத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். கருத்தம்மா அதை ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க சிவராஜ் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பக்கத்தை இணையம் உடனே மறந்துவிடாது என்று எங்கோ படித்திருந்தார். சாயங்காலம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“பையரு போயிட்டாகய்யா. எல்லாம் பிரமாதம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாக. சித்ரகலா திரும்பத் தட்டிப் பாத்துச்சாம், எம் மூஞ்சி வரலையாம். நாளைக்கும் ஷிப்ட் உண்டு. எங்ககூட வேலை பாக்குற சின்னப் புள்ளைகளக் காலையிலேயே ஏத்திட்டுப் போன வேன்தான் இன்னும் பழனியில இருந்து திரும்பல.”

“பழனிக்குங்களா? எதுக்குங்கம்மா?”



“அதத்தானேய்யா அந்தப் பொஸ்தகத்துல சொல்லியிருக்கேன். ஊரு உலகமே படிக்கட்டும்னு போட்டு வச்ச நீங்க, படிக்கவே இல்லையா?”

சிவராஜ் போனை வைத்தார். கொமரலிங்கம் பஸ் ஆரன் அடித்துவிட்டுப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்தார். எண் ஏழு வரை போய்ச்சேரப் பொழுது விடிந்துவிடும்போல இருந்தது. மாதவன் பனியனின் வரலாற்றை எகிப்திலிருந்து தொடங்கியிருந்தார்.